சுண்ணாம்புக் கையும் கம்பளி நூலும்

1

ஹவுரா ஸ்டேஷனில் நான் வந்து இறங்கி இந்த மார்கழியோடு பதினெட்டு வருஷம் நிறைகிறது. அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் தோளில் ஒரு மெல்லிய துண்டும்தான். வெளியே வந்து பார்த்தால் ஆற்றின் மேல் வெள்ளையாக என்னவோ படுத்துக் கிடந்தது. எங்கேயோ பெரிய தீ பிடித்திருக்கிறது, இத்தனை ஜனங்களும் கவலையில்லாமல் போகிறார்களே என்று பயந்து நின்றுவிட்டேன். அது புகை இல்லை, மூடுபனி. அதற்குள்ளிருந்து ஒரு கப்பல் ஊதியது. சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. கப்பல் மட்டும் கண்ணில் படவே இல்லை. உடம்பு நடுங்கினாலும் இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

அந்தத் திகைப்பு இன்னும் எனக்குத் தீரவில்லை. அதனால்தான் ஊரில் மாதப் பத்திரிகை நடத்தும் நண்பர், "அங்கே நம்மவர்கள் எப்படி இருக்கிறார்கள், எழுதி அனுப்பு" என்று கேட்டபோது மறுக்கவில்லை. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரே ஆள் இல்லை, ஆகவே கொஞ்சம் வருகிறது. லாட்டு சாகிப் என்கிற கவர்னரின் மாளிகையைப் பற்றியும் குதிரை வண்டி ஊர்வலங்களைப் பற்றியும் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் இந்தக் குளிர்காலத்தில் என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். ஒரு சுவரும் ஒரு சின்னச் சட்டையும்தான் விஷயம்.

2

பவானிபூரில், ஆதிகங்கைக் கால்வாய்க்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சமையல் கட்டும் எங்களுக்கு. கீழே வீட்டுக்காரியம்மாள் இருக்கிறார். வங்காளத்து விதவை. தெருவே அவரை மாசிமா என்று கூப்பிடுகிறது, அதாவது சித்தி. நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம்.

என் வேலை கிதிர்பூர்ப் பக்கம் ஒரு தேயிலைக் கிடங்கில். தகர அச்சைப் பெட்டியின் மேல் வைத்து, கறுப்பு மையால் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று ஊர்ப் பெயர் போட வேண்டும். அந்த இங்கிலீஷ் எழுத்துகளை எனக்கு முழுதாகப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் மை தடவிய பெட்டியை ஏதோ ஒரு குளிர்தேசத்தில் யாரோ பிரிப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மயிர் கூச்செறியும்.

என் மனைவி மீனாட்சி, மூத்த மகள் கமலம், இளையவள் செல்லம், இவ்வளவுதான் குடும்பம். கமலத்தைக் கும்பகோணத்தில் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. செல்லம் இங்கேயே பிறந்தவள், பத்து வயது. தமிழ் பேசுவாள், ஆனால் உள்ளே வங்காளிதான். வங்காளத்தில் தண்ணீரையும் சாப்பிடுவார்கள், காற்றையும் சாப்பிடுவார்கள். உலாவப் போவதற்கே காற்றுச் சாப்பிடுவது என்றுதான் பெயர். ஒரு நாள் இவள் வாசலில் நின்று, "அம்மா, நான் காத்துச் சாப்பிடப் போறேன்" என்றாள்.

"காத்தைச் சாப்பிட்டா வயிறு நிறையுமாடி? சோத்தைச் சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் மீனாட்சி.

"நம்ம ஊருக்குப் போகலாமா" என்று கேட்டால், "எந்த ஊரு? இதுதானே?" என்கிறாள். கும்பகோணத்துக்குப் போன கமலமும் முதல் கடிதத்தில், இங்கே மீனைக் கடுகு அரைத்துச் சமைக்க யாருக்கும் தெரியவில்லை என்றுதான் அழுதிருந்தாள்.

கம்பளி நூல் என் கைக்கு வந்தது கிடங்கு வாசலில். அங்கே காவல் நிற்பவர் தேவ்சிங், இமயமலைப் பக்கத்துக்காரர். ஆறடி ஆள், பெரிய மீசை. அவர் மடியில் எப்போதும் ஒரு நூல் உருண்டையும் இரண்டு கம்பியும் இருக்கும். கண் வாசலில் இருக்கும், கை தன் பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருக்கும். முதல் நாள் நான் வேடிக்கை பார்த்தது அரை மணி நேரம். மேஸ்திரி வந்து அதட்டிய பிறகுதான் உள்ளே போனேன்.

ஊரில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தறி கிடையாது, பாவு கிடையாது, ஊடு கிடையாது. ஒரே நூல். ஒரு கம்பியில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணிகள். இன்னொரு கம்பி ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் புகுந்து, நூலை இழுத்துப் புதுக் கண்ணி ஆக்கும். அப்படியே வரிசை வரிசையாகத் துணி வளர்கிறது. கத்திரி வேண்டாம். கழுத்து வேண்டுமானால் கழுத்தாகவே வளரும், கை வேண்டுமானால் கையாகவே வளரும். தப்பாகிவிட்டால் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், எல்லாம் போய்ப் பழையபடி வெறும் நூல். கொத்து வேலைக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வேலையில் வைத்த கல்லை எடுத்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். செய்ததற்குச் சுவடே இல்லாமல் திரும்பி வரும் பொருளை நான் அதுவரை கண்டதில்லை.

"இது பொம்பளைங்க வேலை இல்லையா?" என்று ஒரு நாள் கூசிக் கூசி இந்தியில் கேட்டேன்.

தேவ்சிங் மீசையைத் தடவிக்கொண்டார். "எங்க மலையிலே ஆம்பிளைதான் பின்னுவான். பொம்பளைக்கு நிஜமான வேலை இருக்கு" என்றார்.

அவரே கற்றுக்கொடுத்தார். கம்பி வாங்கவில்லை. பழைய குடையிலிருந்து நாலு கம்பி எடுத்து, நுனியைக் கல்லில் தேய்த்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பின்னுவேன். வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான். மீனாட்சிக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை, பிடிக்கிறது என்றும் சொல்லவில்லை. "யார் கண்ணிலயும் படாம வச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

3

ஐப்பசிக் கடைசியில் சம்பந்தி வீட்டிலிருந்து கடிதம் வந்தது. கமலத்துக்கு வளைகாப்புப் போட்டாயிற்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அது முறை. ஆனால் கல்கத்தாக் குளிரையும் எங்கள் வீட்டுச் சுவரின் ஈரத்தையும் பற்றி மாப்பிள்ளை போய்ச் சொல்லியிருக்கிறார். ஆகவே அவர்கள் ஒரு யோசனை எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா சிவசாமி கல்கத்தாவிலேயே ரயில்வே சரக்கு ஆபீஸில் இருக்கிறார் அல்லவா, அவர் வந்து அறையைப் பார்க்கட்டும். சரி என்று அவர் எழுதினால் பெண்ணை அனுப்புகிறோம். இல்லையென்றால் பிரசவம் கும்பகோணத்திலேயே ஆகட்டும்.

கடிதத்தின் ஓரத்தில், மடிப்புக்குள்ளே, கடுகு கடுகான எழுத்தில் கமலம் ஒரு வரி சேர்த்திருந்தாள். "அம்மா, நான் அங்கேதான் வரணும்."

மீனாட்சிக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரியை நான் மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். நாலாம் தரம் கேட்காமல் எழுந்து போய்ப் பின்னறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். நானும் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. காரை பொரிந்து, உப்புப் பூத்து, விரலில் வெள்ளையாக ஒட்டியது. தரை ஈரத்தைக் கீழ்வீட்டுச் சுவர் குடித்து மாடி வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தது. இந்த ஊர்ச் செங்கல் அப்படி.

சிவசாமியை எனக்குக் கமலத்தின் கல்யாணத்தில் பார்த்த பழக்கம்தான். கோட்டும் தலைப்பாகையுமாக இருப்பார். ரயிலில் உடைந்தும் நனைந்தும் வருகிற சரக்கைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது அவருக்கு உத்தியோகம். கல்யாணப் பந்தலிலேயே வாழையிலை எத்தனை கிழிந்திருந்தது என்று சொன்னவர். அவர் வரும் நாளை எழுதவில்லை. சொல்லிவிட்டு வந்தால் சோதனை ஆகுமா?

அன்று மாலையே செய்ய வேண்டியதை எண்ணிப் பார்த்தேன். பழைய காரையைச் சுரண்டி நாலு சுவரும் புதிதாகப் பூச வேண்டும். தெற்குப் பக்கம் யாரோ எப்போதோ செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைத் திறக்க வேண்டும். குழந்தைக்குக் கம்பளிச் சட்டை, குல்லாய், போர்வை பின்ன வேண்டும். இங்கே தை மாதத்துக் காலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் நெய்யாக உறைந்து பாட்டிலை விட்டு இறங்காது. அந்தக் குளிரில் நம்மூர் வேட்டித் துணியில் சுற்றி வைக்க முடியுமா ஒரு பச்சைப் பிள்ளையை?

4

இரண்டு வேலையும் என் இரண்டு கைக்கும் தெரியும். ஆனால் ஒரே கைக்குள் அவை ஒத்துப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பில் கை வைத்தால் விரல் நுனியெல்லாம் வெடித்து அரம் மாதிரி ஆகிவிடும். திங்கட்கிழமை நூலைத் தொட்டால் ஒவ்வொரு வெடிப்பிலும் இழை சிக்கிக்கொள்ளும். குழந்தைக்கென்று சாகிப்கள் மார்க்கெட்டில் வாங்கிய மெல்லிய நூல் அது, பூனைக்குட்டியின் வயிறு போல இருக்கும். என் விரல் பட்டுப் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. எண்ணெய் தடவினால் நூலில் கறை. புதன்கிழமைக்குத்தான் கை ஒருவாறு மனிதக் கையாகும். வியாழன், வெள்ளி, சனி பின்னுவேன். ஞாயிறு மறுபடி சுண்ணாம்பு. வாரத்தில் மூன்று நாள் என் கை யாருக்கும் பிரயோஜனமில்லாமல் சும்மா ஆறிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு இரண்டு அரை நாள் போயிற்று. மாசிமா உடனே சம்மதித்துவிட்டார். ஆனால் சுவரை உடைக்க நகர ஆபீஸில் உத்தரவு வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். முதல் மேஜையில் வரிசையில் நின்றேன். என் முறை வரும்போது பின்னால் நின்றவர் முந்திக்கொண்டார். நான் ஜேபிக்குள் விரலை மடக்கி மடக்கிக் கண்ணி எண்ணிக்கொண்டு நின்றேன். இரண்டாம் மேஜையில் பெயர், தகப்பனார் பெயர், ஜில்லா கேட்டார்கள். தஞ்சாவூர் என்றேன். அவர் மத்ராஸ் என்று எழுதினார். ஊர்? மாயவரம் என்றேன். அதற்கும் மத்ராஸ் என்றே எழுதினார். வரைபடம் கேட்டார்கள். மறுநாள் செல்லத்தின் ஸ்லேட்டு விளிம்பை வைத்துக் கோடு இழுத்து ஒரு வரைபடம் செய்துகொண்டு போனேன்.

மூன்றாம் மேஜைக்காரர் வயதானவர், நல்லவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புது ஜன்னலா, பழைய ஜன்னலா?"

"பழையது. அடைச்சு வச்சிருக்காங்க."

"பழைய ஜன்னலைத் திறக்க உத்தரவு எதுக்கு? இதை முதல் மேஜையிலேயே சொல்லியிருக்கலாமே."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமல் சொல்லத்தான் எனக்கு இந்த வயதிலும் பழகவில்லை.

ஆனால் அந்த ஜன்னலை ஞாயிறு காலை திறந்தபோது ஒன்று நடந்தது. கடைசிச் செங்கலை எடுத்ததும் வெயில் ஒரு பலகை மாதிரி உள்ளே வந்து தரையில் விழுந்தது. எத்தனை வருஷமாக வெளியே காத்துக்கொண்டிருந்ததோ! செல்லம் ஓடிவந்து அதில் காலை வைத்துவிட்டு, சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள். மீனாட்சியும் வந்து நின்றாள். நாங்கள் மூன்று பேரும் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

5

இனி என் முட்டாள்தனத்தை எழுத வேண்டும்.

நம் பக்கத்தில் நல்ல சாந்துக்குக் கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர் ஊற்றுவோம். என் அப்பா அப்படித்தான் குழைப்பார். அந்தத் தண்ணீர் ஐந்து நாள் ஊறிப் புளிக்க வேண்டும். புளித்த தண்ணீரில் குழைத்த சாந்து கல்லாய் இறுகும், ஈரம் அண்டாது. கடுக்காய் இங்கேயும் கிடைத்தது. பனைவெல்லம் கேட்டேன். கடைக்காரர் வட்ட வட்டமாக, பழுப்பாக, வாசனையாக ஒன்றைக் கொடுத்தார். அது ஈச்சமரத்து வெல்லம். இருந்தால் என்ன, வெல்லம் வெல்லம்தானே என்று இரண்டு பானையில் ஊற வைத்தேன். வியாழன், வெள்ளி, சனி என் கை கம்பளியில் இருந்தது. பானைப் பக்கம் போகவில்லை. மற்ற மூன்று சுவரையும் வெறும் சுண்ணாம்புச் சாந்தாலேயே முடித்திருந்தேன். ஐந்து நாள் ஆனதும் எடுத்துச் சாந்து குழைத்து, ஈரம் அதிகமென்று கடைசிக்கு விட்டிருந்த வடக்குச் சுவர் முழுவதும் பூசிவிட்டேன்.

பூசி முடித்த மறுநாள் மாசிமா மாடிக்கு வந்தார். மூக்கை உறிஞ்சினார். "பாயசம் வைக்கிறீர்களா? இத்தனை வாசனையாக?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"இல்லையே மாசிமா" என்றாள் மீனாட்சி.

மாசிமா வாசனையைப் பிடித்துக்கொண்டே பின்னறைக்குள் போய், சுவருக்கு முன்னால் நின்றார். காலியான வெல்லப் பொட்டலத்தைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஓ மா! புது ஈச்ச வெல்லம்! வருஷத்தில் இரண்டு மாதம்தான் வரும், மத்ராசி பாபு! இதற்காக நாங்கள் பத்து மாதம் காத்திருக்கிறோம். நீங்கள் சுவருக்கா ஊட்டினீர்கள்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. மாலைக்குள் சந்து முழுவதும் செய்தி போய்விட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்து, "என்ன பாபு, உங்கள் சுவர் சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டார்.

சிரிப்பு அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் நாள் எறும்பு வந்தது. கீழே இருந்து ஒரு கோடு, ஜன்னலில் இருந்து ஒரு கோடு. வடக்குச் சுவர் மேலெல்லாம் சிவப்பாக ஊர்ந்தது. சாந்தும் இறுகவில்லை. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

மீனாட்சி சுவரிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து மோந்து பார்த்தாள். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள்.

"தண்ணி புளிக்கவே இல்லை. எத்தனை நாள் போட்டீங்க?"

"அஞ்சு நாள். அப்பா கணக்கு."

"மாமா வெயில்லே கணக்குப் போட்டாரு. இந்தக் குளிர்லே அஞ்சு நாளிலே எது புளிக்கும்? எனக்கு இட்லி மாவே ரெண்டு நாளாவுது. என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

பதினெட்டு வருஷமாக இந்தக் குளிரில் இருக்கிறேன். தினமும் அவள் மாவுப் பானையைக் கம்பளியால் சுற்றி அடுப்பருகே வைப்பதைப் பார்க்கிறேன். ஆனால் கொத்துக் கரண்டியைக் கையில் எடுத்ததும் நான் மாயவரத்தில் இருக்கிறேன், சித்திரை வெயில் அடிக்கிறது.

"பிள்ளை பெத்தவ ரூம்லே எறும்பா! அந்த மனுஷன் வந்து பார்த்தா ஒரு வரியிலே முடிச்சுடுவாரு" என்றாள். பிறகு என் கையை எடுத்து அவள் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். "சட்டை எவ்வளவு ஆச்சு?"

"முதுகு ஆச்சு. முன்பக்கம் பாதி. கை ரெண்டும் பாக்கி. குல்லாயும் போர்வையும் தொடவே இல்லை."

"அப்ப நீங்க சுண்ணாம்பைத் தொடாதீங்க. அதை நான் பாத்துக்கறேன்."

எனக்குப் புரியவில்லை. மறுநாள் நான் கிடங்கிலிருந்து திரும்பியபோது, வடக்குச் சுவரின் சாந்தெல்லாம் கீழே குவிந்து கிடந்தது. வெறும் செங்கல் தெரிந்தது. ஓரத்தில் புதுச் சுண்ணாம்பு நீறிக் குளிர்ந்துகொண்டிருந்தது.

மீனாட்சி கல்யாணத்துக்கு முன் அவள் அண்ணன்மாரோடு சித்தாளாகப் போனவள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்துப் பார்த்ததில்லை. கல்கத்தாவில் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களின் வீட்டுப் பெண்களோடு அவள் கோவிலுக்குப் போகிறாள், கொலுவுக்குப் போகிறாள். அவர்கள் யாருக்கும் இது தெரியாது. கமலத்தைக் கொடுத்த இடத்திலும் தெரியாது. தெரியக்கூடாது என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மீனாட்சி ஏணியில் நின்றாள். தலையில் துண்டைக் கட்டி, சேலையை இழுத்துச் சொருகியிருந்தாள். இடது கைத் தட்டிலிருந்து கரண்டியால் சாந்தை எடுத்து ஒரே வீச்சில் அடிப்பாள். அது சளப்பென்று செங்கலைக் கவ்விக்கொள்ளும். பிறகு மட்டப்பலகையால் ஒரு வளைவு. நான் வேலை செய்தால் பாதி கீழே சிந்தும். அவளுக்குச் சிந்தவில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே ஓட்டம். இருபத்திரண்டு வருஷமாக என் எதிரில் சோறு போட்ட கைக்குள் இத்தனையும் இருந்திருக்கிறது. நான் ஜன்னல் வெயிலில் பாயில் உட்கார்ந்து முன்பக்கத்தைப் பின்னிக்கொண்டிருந்தேன். பாதி வரிசைக்கு ஒரு தரம் கண்ணி எண்ணிக்கை தப்பிப்போகும், அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததால்.

கதவு திறந்தது. "பாபா, ஒரு பாபு எஸேசேன்" என்று செல்லம் தன் கலப்பு பாஷையில் சொன்னாள். எஸேசேன் என்றால் வந்திருக்கிறார். அவளுக்குப் பின்னால் சிவசாமி நின்றார். கோட்டு, தலைப்பாகை, கையில் நோட்டுப் புத்தகம்.

நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் கம்பியிலிருந்து கண்ணியெல்லாம் நழுவிவிடும். பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். காது சுட்டது. மீனாட்சி சேலையை இறக்கிவிடப் பார்த்தாள். இரண்டு கையிலும் சுண்ணாம்பு. அப்படியே நிமிர்ந்தாள்.

"வாங்க சம்பந்தி" என்றாள் மேலே இருந்தபடி. "அங்கேயே நில்லுங்க, காலடியிலே சாந்து கிடக்கு."

அவர் ஏணியைப் பார்த்தார். "கொத்தன் யாரும் கிடைக்கலியா?"

"கிடைக்கிறான். அவன் வேலை எனக்குப் பிடிக்கலே."

பிறகு என்னைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார். "இது என்ன?"

மீனாட்சிதான் சொன்னாள். "கம்பளிச் சட்டை. பேரப்பிள்ளைக்கு. நான்தான் பின்னறேன். என் கை சுண்ணாம்பா இருக்குன்னு அவரைச் சித்தப் பிடிச்சுக்கச் சொன்னேன்."

என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லிவிட்டாள். ஏணி மேல் நிற்கிற அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பொய்யும் கிடையாது. அது எனக்கு உறைத்தது. பதினெட்டு வருஷமாக வரிசையில் முந்துகிறவர்களை எல்லாம் விட்டுக்கொடுத்தவன், அன்றைக்கு எப்படிப் பேசினேன் என்று இன்னும் தெரியவில்லை.

"இல்லே சம்பந்தி. பின்னறது நான்தான். ரெண்டு வருஷமாப் பின்னறேன்."

மீனாட்சி ஏணியிலிருந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நானும் சொல்லிடறேன். கல்யாணத்துக்கு முந்தி நாலு வருஷம் சித்தாளாப் போனேன். எங்க அண்ணன்மாரு பூசறதைப் பார்த்துப் பூசக் கத்துக்கிட்டேன். கமலத்தோட மாமியாருக்கு இது தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

சிவசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, சாந்தைத் தாண்டி உள்ளே வந்தார். கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து, வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு நின்றார். மேற்கு, தெற்கு, அப்படியே. ஜன்னல் கதவைச் சாத்தித் திறந்தார். குனிந்து தரையைப் பார்த்தார். மூலையில் ஒரே ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார்.

"எறும்பு ஏது?"

"சுவருக்கு இனிப்புக் கொடுத்துட்டேன்" என்றேன். அதற்குமேல் விளக்க முடியவில்லை. மீனாட்சிதான் முழுக் கதையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மீசைக்குக் கீழே உதட்டைக் கடித்துக்கொண்டார் என்று பிறகு செல்லம் சத்தியம் செய்தாள்.

பிறகு வந்து என் எதிரே பாயில் உட்கார்ந்தார். "எங்கே, பின்னுங்க பார்ப்போம்."

பின்னினேன். முதல் நாலு கண்ணியை எண்ணி எண்ணிப் போட்டேன். அப்புறம் கை தன் வழியில் போய்விட்டது. மேலே சளப், சளப் என்று மீனாட்சியும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை முடிந்தது, திருப்பினேன். இன்னொரு வரிசை. அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

"ஒரு வரிசைக்கு எத்தனை?"

"ஐம்பத்தாறு."

"ஒண்ணு விட்டுப் போனா?"

"கீழே வரைக்கும் ஓடிப்போயிடும். பிரிச்சுட்டுத் திரும்பப் பின்னணும்."

"பிரிச்சா எல்லாம் நூலாவே வந்துடுமா? அறுந்து போகாது?"

"போகாது. நீங்க வேணா இழுத்துப் பாருங்க."

நுனியைக் கொடுத்தேன். கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மெதுவாக இழுத்தார். பத்துக் கண்ணி பட் பட்டென்று அவிழ்ந்து அவர் விரலில் சுருள் சுருளாக வந்தது. சட்டென்று நிறுத்தி, "ஐயோ, உங்க வேலையைக் கெடுத்துட்டேனே" என்றார். அதைச் சொன்ன முகம் சரக்கு ஆபீஸ் முகம் இல்லை.

காபி கொடுத்தோம். குடித்துவிட்டு, கோட்டு ஜேபியிலிருந்து ஒரு கார்டை எடுத்து, முழங்காலில் வைத்துப் பென்சிலால் எழுதினார். முகவரி எழுதி என்னிடம் நீட்டினார். "பார்த்த இடத்திலேயே எழுதி, சரக்குக்காரன் கையிலேயே கொடுத்துடறது எங்க வழக்கம். நீங்களே தபால்லே போட்டுடுங்க." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

7

தபால் பெட்டி டிராம் ரோட்டு மூலையில் இருக்கிறது. எங்கள் சந்திலிருந்து நூறு அடிதான் இருக்கும். அந்த நூறு அடியும் கார்டைக் குப்புறப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறர் எழுதியதைப் படிப்பது தப்பு. வேண்டாம் என்று எழுதியிருந்தால் இதை நான் எப்படிப் பெட்டிக்குள் போடுவேன்? போடாமல் எப்படி இருப்பேன்? பெட்டியருகே ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போயிற்று. அது போகும் வரை நின்றேன். இன்னொன்று வந்தது. அதுவும் போயிற்று. பிறகு கார்டைத் திருப்பினேன்.

பிறர் கையெழுத்தை எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவர் எழுத்து நல்ல எழுத்து.

"அறையைப் பார்த்தேன். தெற்கே ஜன்னல் உண்டு, வெயில் வருகிறது. மூன்று சுவர் காய்ந்துவிட்டன. நாலாவது நடக்கிறது, எட்டு நாளில் காயும். குளிருக்கு வேண்டியதும் தயாராகிறது. நான் போனபோது வீட்டார் இருவரும் வேலையில் இருந்தார்கள். பெண்ணை அனுப்பலாம்."

கடைசி வரியை ஒரு தரம்தான் படித்தேன். அதற்கு முந்தைய வரியை நாலு தரம் படித்தேன். யார் என்ன வேலையில் என்று அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. கிழிந்த வாழையிலையை எண்ணியவர், ஒரே ஒரு எறும்பைப் பார்த்தவர் எழுதிய வரி அது. இந்த ஊரில் பாலத்தைப் பார்த்திருக்கிறேன், மலை மாதிரிக் கப்பலைப் பார்த்திருக்கிறேன், மின்சாரத்தில் ஓடும் வண்டியில் தினமும் ஏறுகிறேன். அந்த ஒரு வரியின் முன்னால் நின்றதுபோல் எதன் முன்னாலும் நான் நின்றதில்லை.

கார்டு உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

மீனாட்சி ஏணியிலேயே இருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. "என்ன எழுதியிருக்கார்? படிச்சிருப்பீங்களே."

"அனுப்பலாம்னு எழுதியிருக்கார்."

அவள் கை சுவரிலேயே நின்றுவிட்டது. முழங்கைக்கு மேலே, சுண்ணாம்பு படாத இடத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற என்ன எழுதியிருக்கார்? நம்மைப் பத்தி?"

"நாம ரெண்டு பேரும் வேலையிலே இருந்தோமாம்."

"பின்னே?" என்றாள் மீனாட்சி. "சும்மாவா இருந்தோம்? அந்தச் சாந்து வாளியை இப்படி எடுங்க." நான் குனிவதற்குள், "வேணாம், வேணாம், நீங்க தொடாதீங்க" என்று அவளே ஏணியிலிருந்து இறங்கி வந்தாள்.